மேற்குக் கோலின் மீன்பாடு

கடல் எங்கள் சேந்தன்துறைக்கு மீன் கொடுப்பதை நிறுத்தி மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் தென்கரை லீக் கால்பந்துப் போட்டியில், எங்கள் அணியின் ஐந்தாவது ஆட்டத்தின் இருபத்திரண்டாம் நிமிடத்தில், கோல்கீப்பரும் அணித்தலைவனுமான தனிஸ்லாஸ் தன் இடப்புறமாக முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்தும் விரல் நுனிக்கு எட்டாமல் போன பந்து மேற்குக் கோலுக்குள் விழுந்த அதே கணத்தில், பந்துக்குப் பின்னாலேயே, வலை கொள்ளும் அளவுக்குச் சாளை மீன் விழுந்தது. வானத்திலிருந்து அது கொட்டியதையோ மண்ணிலிருந்து கிளம்பியதையோ கண்டவர் யாரும் இல்லை. கரைமடி வலையை இழுத்து மணலில் விரித்ததும் மடிக்குள் மீன் எப்படி இருக்குமோ அப்படி, வெகுநேரமாக அங்கேயே இருந்ததைப் போல, வாலை அடித்துக்கொண்டு, ஈரத்தோடும் உப்பு மணத்தோடும் இருந்தது.

தனிஸ்லாஸ் எழுந்து மார்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, மீன்களுக்கு நடுவே கையை விட்டுப் பந்தைத் துழாவி எடுத்து நடுக்கோட்டுக்கு எறிந்தான். பந்தின்மேல் செதில்கள் ஒட்டியிருந்தன.

நடுவர் வெளியூர்க்காரர், கடமையில் கண்டிப்பானவர். சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மைதானத்துக்குள் நாய் நுழைந்தால் செய்யவேண்டியது அதில் இருந்தது. மீன் நுழைந்தால் செய்யவேண்டியது இல்லை. ஆகவே நாய்க்குரிய விதியையே மீனுக்கும் பொருத்தி, வலை காலியாகும்வரை ஆட்டம் நிற்கும் என்றும், நின்ற நேரம் பின்னால் கூட்டிக் கொடுக்கப்படும் என்றும், ஒரு மீன் வலையில் கிடந்தாலும் ஆட்டம் தொடராது, தொடராத ஆட்டம் முடிந்ததாகவும் ஆகாது என்றும் இரு அணித்தலைவர்களையும் அழைத்து அறிவித்தார். பின்பு வந்த நடுவர்கள் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள்.

முதலில் வலையருகே போனவள் தனிஸ்லாஸின் தாய் வியாகுலம்மாள். மூன்று ஆண்டுகளாகப் பிற துறைமுகங்களுக்குப் பேருந்தில் போய், அங்கே மிஞ்சியதை வாங்கிவந்து தெருத்தெருவாக விற்றவள் அவள். குனிந்து ஒரு மீனை எடுத்து, செவுளை விரித்துப் பார்த்து, வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“முட்டச் சாளையாக்கும்,” என்றாள். “எதுக்கு நின்னு வாய் பாக்குதிய? ஆட்டம் நிக்குதுல்லா, அள்ளுங்க!”

அள்ளினோம். ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அன்று ஊரில் அடுப்பெரியாத வீடு இல்லை.

எங்கள் ஊரில் கோல் வலையைக் கடையில் வாங்கும் வழக்கம் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஓய்ந்துபோன கரைமடிகளில் ஒன்றை வெட்டி, ஒவ்வோர் ஆண்டும் லீக் தொடங்கும் முன் ஊரார் உட்கார்ந்து முடிச்சிட்டுக் கோலுக்கு ஏற்றுவார்கள். கடலோரமாக இருக்கும் மேற்குக் கோலுக்கு அவ்வாண்டு ஏற்றியது யாருடைய மடி என்று சிலர் ஆராய்ந்தார்கள்; அது பலருடைய மடிகளின் ஒட்டு என்று தெரிந்ததும் ஆராய்ச்சியை விட்டார்கள். மீன் ஏன் வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதே ஊருக்கு வேண்டியிருந்தது. வெளியூரில் வாங்கிய கோல்களுக்கு மீன் இல்லை. கிழக்குக் கோலில் இல்லை. மேற்குக் கோலைத் தனிஸ்லாஸ் காத்து நிற்கும் பாதியில், அவனைத் தாண்டிப் பந்து போனால் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை அதற்கேற்ப ஒழுங்குபட்டது. ஆட்டநாளில் மேற்குக் கோலுக்குப் பின்னால் பெண்கள் கூடைகளோடு வரிசையாக நிற்பார்கள். ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகள் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிக் காத்திருக்கும். பங்குத்தந்தை மாலைப் பூசையை அரைமணி தள்ளிவைத்தார். ஊரிலுள்ள பூனைகள் ஆட்ட அட்டவணையைத் தெரிந்துவைத்திருந்தன. தொலைவிலிருந்து அடித்த பந்துக்கு நெய்மீன் வரும், தலையால் முட்டியதற்கு வாளை வரும், கார்னரிலிருந்து வளைந்து வந்ததற்கு அயிலையும் கணவாயும் கலந்து வரும் என்று பெண்கள் கண்டறிந்து, எதிரணி வீரன் காலைப் பின்னுக்கு வாங்கும்போதே கூடையை மாற்றிப் பிடித்தார்கள். ஒரே ஒரு தடவை, எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் முதுகில் பட்டுத் திசைமாறிய பந்தைப் பார்த்து ஏமாந்து தனிஸ்லாஸ் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். அந்தக் கோலுக்கு வலையில் ஒரு பிடி கடற்பாசி மட்டும் கிடந்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் யோசிக்கவில்லை.

பத்து அணிகளில் எங்கள் அணி பத்தாவது இடத்தில் இருந்தது. ஆண்டு முடிவில் கடைசியாக வரும் அணி லீகைவிட்டு நீங்கவேண்டும். நீங்கிய அணி திரும்பி வந்ததில்லை. சேந்தன்துறைக்கென்று உலகம் அறிந்த பெயர் அந்த அணி ஒன்றே. இது அப்போது எங்களுக்குத் தெரியாத செய்தி அன்று. வயிறு நிறைந்திருந்தபடியால் தொலைவான செய்தியாக இருந்தது.

தொலைவாக எண்ணாதவர் ஒருவர் இருந்தார். தலைமைப் பயிற்சியாளர் திருமேனி பெரம்பூர்ப் பக்கத்துக்காரர்; அறுபதை நெருங்கியவர்; இடது முழங்கால் மடங்காது. நூலகத்தின் மாடியறையில் தங்கி, வியாகுலம்மாள் கொடுத்தனுப்பும் குழம்பை உண்டு, நாள்தோறும் விடிந்ததும் தனிஸ்லாஸைத் தனியாக மேற்குக் கோலில் நிறுத்திவைத்துப் பயிற்சி கொடுத்தார். அவர் கற்பித்ததில் பெரும்பகுதி ஒரே பாடம்தான்.

“கண்ணு, கோல் போனா போச்சு. திரும்பிப் பாக்காத. திரும்பினா வலைதான் தெரியும், பந்து தெரியாது. வலை எங்கயும் ஓடிடாது.”

“வலையில மீன் துடிக்கிற சத்தம் கேக்கும் சார்.”

“கேக்கட்டும். உன் வேலை பந்து உள்ள வராமப் பாத்துக்கறது. மீனு, அவங்க வேலை.”

மீனை அவர் வெறுக்கவில்லை. முள்ளைப் பிரிக்கத் தெரியாமல் தொண்டையில் சிக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வர, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஒருநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வியாகுலம்மாளிடம் சொன்னார்: “அம்மா, உங்க கூடை காலியா போகணும்னுதான் நான் இங்க வேலை பாக்கறேன். தப்பா நெனைக்காதீங்க.”

“நீரு ஒம்ம வேலையப் பாரும் சாரே,” என்று அவள் சிரித்தாள். “எனக்க மவன் பிடிச்சாலும் எனக்குச் சந்தோசம், விட்டாலும் எனக்குச் சந்தோசம். இப்பிடி ஒரு தாயி எங்க இருக்கா?”

ஒன்பதாவது ஆட்டத்தில் தனிஸ்லாஸ் பிடித்தான். வலப்புறம் வந்ததைத் தட்டினான், இடப்புறம் வந்ததை அணைத்தான், தலைக்குமேல் வந்ததை விரல்களால் தூக்கிக் கம்பத்துக்கு அப்பால் அனுப்பினான். இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. மேற்கே நின்ற பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து, அவற்றின்மேல் சிறிதுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். ஊரில் நடந்த அடுத்த ஆட்டத்தில் ஒரு கோல் அடித்து வெற்றியே பெற்றோம். நாங்கள் அடித்த அந்தக் கோல் இரண்டாம் பாதியில் மேற்குக் கோலுக்குள்தான் விழுந்தது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். வலையில் பந்து இருந்தது. ஆகவே நாங்கள் தோற்றால்தான் மீன் என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்தது. ஓராண்டுக்குப் பின் கிடைத்த முதல் வெற்றி. விளையாட்டு வீரர்கள் கையை உயர்த்திக்கொண்டு எங்களை நோக்கி வந்தார்கள். நாங்கள் கை தட்டவில்லை. உயர்த்திய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் மெல்ல இறக்கியதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஞாயிறு பூசைக்குப் பின், அணியை நடத்தும் ஊர் மன்றத்தில் கூட்டம் கூடியது. செயலாளர் கிளாரன்ஸ், விசைப்படகு ஒன்றின் உரிமையாளர். மூன்றாண்டாக அந்தப் படகு கரையில் வெயிலில் வெடித்துக் கிடந்தது. தலைமைப் பயிற்சியாளரை நீக்கும் கடிதத்தில் அணித்தலைவனும் ஒப்பமிடவேண்டும் என்பது மன்றத்தின் விதி. ஆகவே தனிஸ்லாஸை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

“நம்ம ஊருக்க நெலம ஒனக்குத் தெரியும்லா,” என்று கிளாரன்ஸ் தொடங்கினார். “சாரு நல்ல மனுசன். அதுல ஒரு கொறையும் சொல்லுததுக்கு இல்ல.”

“பின்ன எதுக்கு அண்ணே அனுப்புதிய?”

“அவருக்கு ஜெயிக்கணும்.”

“எனக்கும் ஜெயிக்கணும் அண்ணே.”

“ஜெயிச்சா என்ன லேய் கெடைக்கும்? சொல்லு. இந்தச் சனத்தப் பாத்துச் சொல்லு.”

தனிஸ்லாஸ் திரும்பி எங்களைப் பார்த்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: எந்த மனக்குறையும் இல்லாமல் அந்த இரு கம்பங்களுக்கு நடுவே நிற்பது. அதைக் கற்றுக்கொடுத்தவரை அனுப்பும் தாள் அவன் மடியில் இருந்தது. மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போமோ தெரியாது. கலைந்துபோயிருப்போம் என்றே இப்போது தோன்றுகிறது. ஆனால் நாங்கள் அத்தனைபேரும் அவனைப் பார்த்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் வெறுங்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனுடைய தாயும் கேட்கவில்லை. அவன் ஒப்பமிட்டான். ‘ஊரார் எதிர்பார்த்த முடிவுகளைத் தராமையால்’ என்று கடிதத்தில் காரணம் எழுதியிருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் அன்று.

திருமேனி கடிதத்தை மைதானத்திலேயே நின்று படித்தார். இருமுறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தோத்ததுக்கு எத்தினியோ ஊர்ல அனுப்பியிருக்காங்க. ஜெயிச்சதுக்கு அனுப்பறது இதான் மொதல் தடவ,” என்றார். பின்பு தாளின் அடிப்பகுதியைத் தனிஸ்லாஸிடம் காட்டினார். “இது உன் கையெழுத்தா கண்ணு?”

“ஆமா சார்.”

“நல்லா எழுதற.”

பேருந்து நிறுத்தத்தில் வியாகுலம்மாள், வேறு துறைமுகத்தில் வாங்கி ஐஸ் போட்டுக் கட்டிய வாளை மீன்பொதியோடு நின்றாள். திருமேனி வாங்கிக்கொண்டார். மடங்காத காலை நீட்டிவைக்க இடமில்லாமல் படிக்கட்டருகே உட்கார்ந்து, பொதியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவர் போனார். அந்த ஈரக்கோடு சாலையில் சந்தை முனைவரை தெரிந்தது.

புதிய தலைமைப் பயிற்சியாளர் விக்டர்ராஜ் எதற்கும் இணங்கும் மனிதர். அணி எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் விசாரிக்கவில்லை. ஐஸ் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தார். முதல் நாளிலேயே தனிஸ்லாஸைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய், வலப்புறத்தைச் சற்றே திறந்து வைத்தால் போதும், பாயும்போது ஒரு மூச்சு தாமதித்தால் போதும், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று கனிவோடு விளக்கினார்.

அடுத்த ஆட்டத்தில் நான்கு கோல்கள் விழுந்தன. நான்கும் மேற்குக் கோலில். தனிஸ்லாஸ் நான்கு முறையும் மண்ணில் கிடந்தான். வலையில் பந்து இருந்தது. பந்தைத் தவிர ஒன்றும் இல்லை. பெண்கள் வலைக்குள் நுழைந்து மணலைக் கைகளால் கிளறிப் பார்த்தார்கள். நடுவர் வழக்கப்படி விதிப்புத்தகத்தைக் கையிலெடுத்து, நிறுத்துவதற்குக் காரணம் காணாமல், திரும்பவும் சட்டைப்பையில் வைத்தார்.

அதற்கடுத்ததில் ஐந்து. ஒன்றுக்கும் மீன் இல்லை.

ஊர் தன்னால் இயன்றதையெல்லாம் செய்தது. வலையின் முடிச்சுகளை அவிழ்த்துப் புதிதாகப் போட்டார்கள். பங்குத்தந்தை மந்திரித்த நீரை இரு கம்பங்களிலும் தெளித்தார். கடல்நீரைக் குடத்தில் கொண்டுவந்து கோல்கோட்டில் ஊற்றினார்கள். ஒரு கோல் வாங்கி அடுத்த கோல் வாங்கும்வரை உள்ள நேர இடைவெளி போதவில்லை என்று ஒருவரும், மிகுந்துவிட்டது என்று இன்னொருவரும் விக்டர்ராஜிடம் முறையிட, அவர் இருவருக்கும் இணங்கினார். எங்களிடம் இருந்த ஒரே அறிவு தோற்றால் மீன் என்பது. ஆகவே இன்னும் அதிகமாகத் தோற்றோம்.

கோலுக்குப் பின்னால் எப்போதும் நின்றவள் வியாகுலம்மாள். சாளை வந்த நாளிலும் அங்கேதான் நின்றாள், பாசி வந்த நாளிலும் அங்கேதான் நின்றாள். ஒரு நண்பகலில் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் பிசைவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“முன்ன நீ பாய்ஞ்ச மக்கா. இப்ப விழுத.”

அவன் கை நின்றது.

“எனக்குத் தெரியும்லா. முதுவுப் பக்கமா நின்னு பாக்குதவளுக்குத் தெரியாதா? சாளை வந்த அன்னைக்கி நீ பாய்ஞ்ச பாய்ச்சல்ல ஒனக்க சட்டை கிழிஞ்சுது. நான்தான தச்சேன். இப்ப சட்டையில மண்ணு கூட ஒழுங்கா ஒட்டல்ல.”

“அம்மா, அதச் சொல்லித்தான சாரை அனுப்புனோம். பிடிக்காத, விடுன்னுதான...”

“நானும் அங்க இருந்தேன்,” என்றாள் வியாகுலம்மாள். “கூடைய மடியில வச்சிட்டு இருந்தேன். நான் ஒண்ணும் சொல்லல்ல. எனக்கும் அதுல பங்கு உண்டு.”

தட்டிலிருந்த சோற்றுக்குக் குழம்பு இல்லை. உப்பும் மிளகாயும் போட்டுப் பிசைந்து அவன் தின்று முடித்தான்.

அவள் சொன்னது மறுநாளைக்குள் ஊர் முழுவதும் பரவியது. கேட்டவர் யாரும் மறுக்கவில்லை. பிடித்துவிட வேண்டும் என்று அவன் உயிரைக் கொடுத்துப் பாய்ந்து, பிடிக்க முடியாமற்போன பந்துகளுக்கு மட்டுமே வலை மீன் கொடுத்திருக்கிறது என்பது, சொல்லக் கேட்டதும், எப்போதும் தெரிந்திருந்ததைப் போல் இருந்தது. பாசி வந்த நாள் எல்லோர் நினைவுக்கும் வந்தது. இனி உண்மையாகவே பாய்ந்துவிடு என்று தனிஸ்லாஸிடம் சொன்னோம். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம்! அவனும் முயன்றான். ஆனால் பந்து காலைவிட்டுக் கிளம்பும்போதே, இது தாண்டினால் என்ன மீன் வரும் என்று மனத்தின் ஒரு மூலை கேட்டது. பாதிப் பாய்ச்சலில் காது பின்னால் போனது. விழுந்ததும் முதல் வேலையாகத் திரும்பி வலையைப் பார்த்தான். திரும்பாதே என்று சொல்லிக்கொடுத்தவர் இல்லை. வலையில் சில நாள் பாசி இருந்தது. சில நாள் அதுவும் இல்லை.

திருமேனியைத் திரும்ப அழைத்துவர மூவர் போனார்கள். மலையடிவாரத்து அணி ஒன்று அவரைத் தலைமைப் பயிற்சியாளராக ஏற்றிருந்தது. கிளாரன்ஸ் மன்னிப்புக் கேட்டார். சேந்தன்துறையே மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். திருமேனி தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான் வர்றேன். வந்தா நீங்க என்ன கேப்பீங்க? ஜெயிக்கச் சொல்வீங்களா, தோக்கச் சொல்வீங்களா?” என்றார்.

தேநீர் ஆறியது. அதை அவர்களை அனுப்பிய நாங்களே முடிவு செய்திருக்கவில்லை. குடித்து முடித்துத் திரும்பி வந்தார்கள்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில் அந்த மலையடிவாரத்து அணியோடு அமைந்தது. தோற்றால் லீகைவிட்டு நீங்கவேண்டும். கோல் சமமாக முடிந்தால் பிழைத்துக்கொள்வோம். மீனும் இல்லாமல் அணியும் இல்லாமல் போகும் நாள் வாசலில் வந்து நின்றபோதுதான், மீன் வரத் தொடங்கியபின் முதன்முறையாக, தனிஸ்லாஸ் பந்தைப் பிடிக்கவேண்டும் என்று ஊர் முழுவதும் உண்மையாகவே விரும்பியது. இருந்தாலும் பெண்கள் கூடைகளைக் கொண்டுவந்தார்கள். சேலைத்தலைப்பால் மூடிக் கொண்டுவந்தார்கள்.

எதிரணியின் பக்கமாகத் திருமேனி உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு. ஆட்டம் தொடங்கும் முன் தனிஸ்லாஸ் அவரிடம் போய் நின்றான்.

“சாப்டியா கண்ணு?” என்று அவர் கேட்டார்.

“சாப்பிட்டேன் சார்.”

“போ. வெயில் கண்ணுல படும், தொப்பி வெச்சிக்கோ.”

முதல் பாதி கோலின்றி முடிந்தது. இரண்டாம் பாதியில் மேற்குக் கோல் எங்களுடையது. எண்பத்தெட்டாம் நிமிடம்வரை கோல் இல்லை. எண்பத்தெட்டில் எங்கள் பையன் ஒருவன் கோலருகே பந்தைக் கையால் தடுத்துவிட, நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். மலையடிவாரத்து வீரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். தனிஸ்லாஸ் கோட்டில் நின்றான். அவன் தலை சற்றே வலைப்பக்கம் திரும்பியதை நாங்கள் அனைவரும் பார்த்தோம்.

அப்போது எதிர்ப்பக்க வரிசையிலிருந்து, மடங்காத காலோடு எழுந்து நின்று, தான் எந்த அணியின் பயிற்சியாளர் என்பதை முற்றிலும் மறந்து, திருமேனி கத்தினார்:

“கண்ணு! பந்தைப் பாரு!”

தலை நேரே திரும்பியது. வீரன் அடித்தான். தனிஸ்லாஸ் பாய்ந்தான். அந்தப் பாய்ச்சலை எப்படி எழுதுவது? அதில் ஊர் இல்லை, கூடை இல்லை, நாங்கள் ஒருவரும் இல்லை. அவனும் பந்தும் மட்டுமே இருந்தார்கள். சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்த ஓசை எங்களுக்குக் கேட்டது. விரல் நுனி பந்தில் பட்டது. பட்டும், கம்பத்தின் உட்புறத்தில் மோதி, பந்து உள்ளே போனது.

வலை நிறைந்தது. அதுவரை கண்டிராத அளவுக்கு நிறைந்தது. நெய்மீனும் வாளையும் அயிலையும் சாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, கம்பங்கள் வெளிப்பக்கமாக வளையும்படி, மாலை வெயிலில் கண் கூசும்படி நிறைந்தது. துடிக்கும் ஓசை மழைபோலக் கேட்டது.

யாரும் நகரவில்லை.

நடுவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வலை காலியானால்தான் ஆட்டம் தொடரும். தொடர்ந்தால் இரண்டே நிமிடம், அதன் பிறகு சேந்தன்துறைக்கு அணி இல்லை. வலையில் மீன் கிடக்கும்வரை ஆட்டம் முடியவில்லை. முடியாதவரை நாங்கள் நீங்கவில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாண்டு பசித்த ஊர், மீன்மலைக்கு முன்னால், சேலைத்தலைப்புக்குள் கூடைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. பூனைகள்கூட அருகே போகவில்லை. தனிஸ்லாஸ் விழுந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து, வலைக்கு முதுகைக் காட்டியபடி, தன் வலக்கையின் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மழைபோன்ற ஓசை தூறலாயிற்று. பின்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக வால்கள் அடித்துக்கொண்டன.

“பட்டுச்சு!” என்று திருமேனி மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து கூவினார். “விரல் பட்டுச்சு கண்ணு, நான் பாத்தேன்!”

வியாகுலம்மாள்தான் முதலில் நடந்தாள். கூடையைத் தரையில் வைத்துவிட்டு மகனிடம் போய்க் குந்தி, தலைப்பால் அவன் முகத்து மணலைத் துடைத்தாள். கிழிந்த சட்டையின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“இதத் தச்சிரலாம்,” என்றாள்.

“அம்மா, கெட்டுப்போவும். எடுங்க.”

“எடுத்தா முடிஞ்சிரும் மக்கா.”

“தெரியும். எடுங்க.”

அவள் எழுந்து வலைக்குள் குனிந்து முதல் மீனை எடுத்தாள். ஒரு சாளை. பிறகு நாங்கள் எல்லோரும் போனோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஓசையெழாமல், கீழே ஒன்றும் சிந்தாமல், மிக மெதுவாக அள்ளினோம். கடைசி மீன் கூடையில் விழுந்ததும் நடுவர் விசிலை உதட்டில் வைத்தார். தனிஸ்லாஸ் எழுந்து, பின்னால் திரும்பாமலே, கோட்டில் போய் நின்றான்.